ஆன்டிபாடி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

என் தங்கை கர்ப்பமாக இருந்தபோது, மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு போன் செய்தாள். "அக்கா, ரூபெல்லா பாசிட்டிவ்னு வந்திருக்கு" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாவற்றையும் பாதிக்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறாள். அது உண்மைதான். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் இரண்டு வகை ஆன்டிபாடிகளுக்கு இரண்டு வரிகள் இருந்தன. ரூபெல்லா ஐஜிஜி: பாசிட்டிவ். ரூபெல்லா ஐஜிஎம்: நெகட்டிவ். அவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது நல்ல செய்தி. அவள் உடம்பு ரூபெல்லாவை முன்பே சந்தித்துவிட்டது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியாக இருக்கலாம், தெரியாமலே வந்துபோன நோயாகவும் இருக்கலாம். இப்போது புதிதாக எதுவும் வரவில்லை, பாதுகாப்பு இருக்கிறது. டாக்டரும் மறுநாள் அதையேதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு ராத்திரி அவள் பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்படி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று விஷயங்களைப் பார்க்கத் தெரிந்தால் போதும்: எதைத் தேடினார்கள், எந்த வகை ஆன்டிபாடி, ரத்தம் எடுத்தது எத்தனையாவது நாள். மூன்றில் நாள்தான் முக்கியம் என்பேன். நாள் தெரியாமல் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற சொற்களை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. என்ன சிகிச்சை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கும், அதுவரை வீணாகப் பயப்படாமல் இருப்பதற்கும்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: ஆன்டிபாடி என்ன செய்கிறது என்று மனதில் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள்

பள்ளியில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். சிலர் எதிர்ப்பான், பிறபொருளெதிரி என்றும் எழுதுவார்கள். பேச்சில் எல்லோரும் ஆன்டிபாடி என்றே சொல்வதால் நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். எந்தப் பொருளைப் பார்த்து உடம்பு ஆன்டிபாடி செய்கிறதோ, அந்தப் பொருள் ஆன்டிஜென். கிருமியின் மேல்தோலில் இருக்கும் ஏதோ ஒரு புரதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிபாடியும் ஒரு புரதம்தான். உண்டிவில் செய்ய ஒடிக்கும் கவட்டைக் குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வடிவம். கவட்டையின் இரண்டு நுனிகளும் கிருமியைப் பிடிப்பவை. பிடிக்கும் நுனி கிருமிக்குக் கிருமி மாறும். கைப்பிடி மட்டும் ஒரு வகைக்குள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கும். இந்த அமைப்பைக் கண்டுபிடித்த ஜெரால்ட் எடல்மேன், ராட்னி போர்ட்டர் இருவருக்கும் 1972-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு ஆன்டிபாடியின் நீளம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக அடுக்கினால் பல ஆயிரம் பிடிக்கும்.

இதைச் செய்வது வெள்ளை அணுக்களில் ஒரு வகையான பி செல். ஒவ்வொரு பி செல்லும் ஒரே ஒரு நுனி வடிவத்தைத்தான் வைத்திருக்கும். மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ இருபதாயிரம்தான். ஆனால் ஆன்டிபாடி நுனி வடிவங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. எப்படி? பி செல் எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே தன் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல் கலைத்து, புதிதாகச் சேர்த்துக்கொள்கிறது. சுசுமு டொனெகாவா இதைக் காட்டினார், 1987-இல் நோபல் பெற்றார். எனக்கு இதில் எப்போதும் வியப்பு தருவது ஒன்று உண்டு. கிருமி வந்த பிறகு உடம்பு பூட்டுக்கு ஏற்ற சாவியை வடிக்கவில்லை. கோடிக்கணக்கான சாவிகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இதுவரை உலகத்தில் இல்லாத கிருமி நாளைக்கு வந்தாலும் அதற்குப் பொருந்தும் சாவி ஏதாவது ஒரு பி செல்லிடம் இருக்க வாய்ப்பு உண்டு.

பொருந்தும் பி செல்கள் மிகக் கொஞ்சம் என்பதுதான் சிக்கல். அவை பெருக வேண்டும், அதற்கு நாள் ஆகும். தொண்டைப்புண் வரும்போது தாடைக்கு அடியில் விரல் வைத்துப் பாருங்கள். அவரைக்கொட்டை அளவுக்கு ஏதோ உருளும், அழுத்தினால் வலிக்கும். நெறி கட்டியிருக்கிறது என்போமே, அதுதான். நெறி கட்டிய அந்தச் சின்ன முடிச்சுக்குள், கிருமியோடு பொருந்திய பி செல்கள், வெள்ளை அணுக்களில் இன்னொரு வகையான டி செல்களின் உதவியோடு மளமளவென்று பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும். பெருகும்போதே நுனியின் வடிவத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் நடக்கும். முன்னைவிட இறுக்கமாகப் பிடிப்பவை பிழைக்கும், பிடி தளர்ந்தவை சாகும். இப்படிச் சலித்தெடுத்த செல்களில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்லாக மாறி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடிகளை ரத்தத்தில் கொட்டும்.

சரி, கொட்டிய ஆன்டிபாடி கிருமியை எப்படி எதிர்க்கிறது? ஆன்டிபாடி கிருமியைக் கடித்துத் தின்றுவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டிக்கொள்வதால் என்னென்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் முனையில் ஒட்டிக்கொண்டால் வைரஸால் நுழைய முடியாது. டெட்டனஸ், டிப்தீரியா போன்ற நோய்களில் ஆபத்து கிருமி கக்கும் நஞ்சால்தான் வருகிறது. அந்த நஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டால் அது செயலற்றுப் போகும். பாக்டீரியாவின் மேல் நிறைய ஆன்டிபாடிகள் ஒட்டினால் கைப்பிடிகளெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விழுங்கும் செல்கள் அந்தக் கைப்பிடியைப் பற்றி இழுத்து விழுங்கும். வழுக்கும் மேலுறை கொண்ட நிமோனியா பாக்டீரியாவை விழுங்க இந்தக் கைப்பிடி பெரிய உதவி. ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் ஒன்று எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் அது கூடி, சில பாக்டீரியாக்களின் சவ்வில் ஓட்டை போட்டுவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸை ஆன்டிபாடியால் பெரும்பாலும் தொட முடியாது. அது டி செல்களின் வேலை. ஆகையால் ரிப்போர்ட்டில் வரும் ஆன்டிபாடி எண்ணிக்கை உங்கள் முழு எதிர்ப்பு சக்தியையும் காட்டாது, அதில் ஒரு பகுதியைத்தான் காட்டும்.

இரண்டாம் படி: தேடியது ஆன்டிஜெனையா, ஆன்டிபாடியையா?

ரிப்போர்ட்டில் முதலில் டெஸ்டின் பெயரைப் படியுங்கள், முடிவை அப்புறம் பார்க்கலாம். ஆன்டிஜென் டெஸ்ட் கிருமியின் துண்டையே தேடுகிறது. பாசிட்டிவ் என்றால் கிருமி அல்லது அதன் எச்சம் இப்போது உடம்பில் இருக்கிறது. ஆன்டிபாடி டெஸ்ட் கிருமிக்கு உடம்பு கொடுத்த பதிலைத் தேடுகிறது. பாசிட்டிவ் என்றால் எப்போதோ சந்திப்பு நடந்திருக்கிறது.

ஹெப்படைடிஸ் பி ரிப்போர்ட்டில்தான் இந்தக் குழப்பம் அதிகம். எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ் என்று பார்க்க ஒரே மாதிரி இரண்டு பெயர்கள் இருக்கும். எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம், அதாவது ஆன்டிஜென். அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் தொற்று இருக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆன்டி-எச்பிஎஸ் என்பது அதே புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி. அது மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே நோய், ஒரே பாசிட்டிவ் என்ற சொல். ஒன்று தொற்று, மற்றது காப்பு!

கூடவே ஆன்டி-எச்பிசி என்று மூன்றாவது வரி இருந்தால் அதையும் பாருங்கள். தடுப்பூசியில் வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும்தான் இருக்கிறது, உள்கருப் புரதம் இல்லை. ஆகவே ஊசியால் மட்டும் காப்பு வந்தவருக்கு ஆன்டி-எச்பிஎஸ் பாசிட்டிவ், ஆன்டி-எச்பிசி நெகட்டிவ். இரண்டும் பாசிட்டிவாக இருந்து எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்றால், வைரஸ் நிஜமாகவே ஒருகாலத்தில் வந்து போயிருக்கிறது.

ஹெப்படைடிஸ் சி இதற்கு நேர்மாறு. அதில் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் காப்பு என்று பொருளில்லை, நோய் இப்போது இருக்கிறது என்றும் பொருளில்லை. சிலருக்கு வைரஸ் தானாகவே நீங்கிவிடும். மருந்தால் முழுவதும் குணமானவர்களுக்கும் ஆன்டிபாடி பல ஆண்டுகள் பாசிட்டிவாகவே இருக்கும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை, வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் ஆர்என்ஏ டெஸ்ட்தான் சொல்லும். ஹெப்படைடிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஆர்என்ஏ டெஸ்ட் எடுத்தாச்சா?"

மூன்றாம் படி: கடைசி எழுத்து எம்மா, ஜியா?

ஆன்டிபாடியில் ஐந்து வகை உண்டு. ரிப்போர்ட்டில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இரண்டுதான்.

ஐஜிஎம் முதலில் வருவது. ஐந்து கவட்டைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய சக்கரம் போல இருக்கும், பத்து நுனிகள். ஒவ்வொரு நுனியின் பிடியும் கொஞ்சம் தளர்வுதான், ஆனால் பத்தும் சேர்ந்து பிடிப்பதால் வேலை நடக்கும். பொதுவாக சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மறைந்துவிடும். ஆகவே ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் சந்திப்பு அண்மையில் நடந்தது என்று பொருள்கொள்வார்கள்.

ஐஜிஜி பின்னால் வருவது. ஒற்றைக் கவட்டை. நெறிக்குள் சலித்தெடுத்த செல்களிலிருந்து வருவதால் பிடி இறுக்கம். ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதுதான். ஒரு ஐஜிஜி மூலக்கூறின் ஆயுள் சில வாரங்களே. அப்படியிருந்தும் பல ஆண்டுகள் பாசிட்டிவாக இருக்கக் காரணம், அதைச் செய்யும் பிளாஸ்மா செல்கள் சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி, சத்தமில்லாமல் செய்துகொண்டே இருப்பதுதான். கூடவே நினைவு செல்கள் என்ற இன்னொரு கூட்டமும் காத்திருக்கும். அதே கிருமி மறுபடி வந்தால் வாரக்கணக்கில் ஆகிற வேலை சில நாட்களில் முடியும்.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபேரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை வந்தது. அதன் பிறகு 65 ஆண்டுகள் வரவே இல்லை. 1846-இல் மறுபடி வந்தபோது தீவுக்காரர்களில் பெரும்பாலோரைப் பிடித்தது. டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். 1781-இல் தட்டம்மை வந்து பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை என்று எழுதினார். ஆன்டிபாடி என்ற பொருளே அப்போது யாருக்கும் தெரியாது.

ஐஜிஏ உமிழ்நீர், கண்ணீர், குடல், தாய்ப்பால் இவற்றில் இருக்கும். கிருமி வாசலிலேயே ஒட்டாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஐஜிஇ ஒவ்வாமையோடும் குடற்புழுக்களோடும் தொடர்புடையது. அலர்ஜி டெஸ்டில் அந்தப் பெயரைப் பார்ப்பீர்கள். ஐஜிடி சாதாரண ரிப்போர்ட்டில் வராது.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது இப்படி. எம் மட்டும் பாசிட்டிவ்: தொற்று புதிதாக இருக்கலாம். இரண்டும் பாசிட்டிவ்: சில வாரங்கள் ஆகியிருக்கலாம், அல்லது மறுதொற்று. ஜி மட்டும் பாசிட்டிவ்: பழைய சந்திப்பு, அல்லது தடுப்பூசி. இரண்டும் நெகட்டிவ்: சந்திப்பு நடக்கவில்லை, அல்லது இன்னும் நாள் ஆகவில்லை. நான்காவது வரியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன்.

நான்காம் படி: விரல் விட்டு நாளை எண்ணுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கடும் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு விட்டுப்போனது போல வலி. இரண்டாம் நாளே ஒரு லேபில் போய் டெங்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தேன். ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ். "அப்பாடா, டெங்கு இல்லை" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, நீர் ஆகாரத்தில்கூடக் கவனமில்லாமல் படுத்துக்கிடந்தேன். ஆறாம் நாள் டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னார். ஐஜிஎம் பாசிட்டிவ். லேபின் மேல் தவறில்லை. நான் கேட்ட நாள்தான் தவறு. இரண்டாம் நாள் என் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருந்திருக்கும், ஆனால் ஆன்டிபாடி இன்னும் வந்திருக்காது.

டெங்குவில் கணக்கு இப்படிப் போகும். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் தேட வேண்டியது என்எஸ்1 என்ற ஆன்டிஜென். ஐஜிஎம் ஏறத்தாழ நான்காம், ஐந்தாம் நாளிலிருந்து தெரியத் தொடங்கும். ஐஜிஜி அதற்கும் பின்னால். இது முதல்முறை டெங்கு வருபவருக்கு. டெங்கு வைரஸில் நான்கு வகை இருப்பதால் இரண்டாம் முறையும் வரலாம். அப்படி வரும்போது பழைய நினைவு விழித்துக்கொண்டு ஐஜிஜி முதல் சில நாட்களிலேயே எகிறும், ஐஜிஎம் குறைவாகவே இருக்கலாம். முதல் வாரத்திலேயே ஐஜிஜி மிக அதிகம் என்றால் டாக்டர்கள் கூடுதல் கவனம் எடுப்பதற்குக் காரணம் உண்டு. முதல் வகைக்காகச் செய்த ஆன்டிபாடி இரண்டாம் வகை வைரஸின் மேல் ஒட்டும், ஆனால் அதை முழுதாகச் செயலிழக்க வைக்காது. அப்படி அரைகுறையாக ஒட்டிய வைரஸைச் சில வெள்ளை அணுக்கள் கைப்பிடியைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ள, வைரஸ் அங்கேயே பெருகுகிறது. ஆன்டிபாடியே நோயைக் கடுமையாக்கும் அரிதான இடங்களில் இது ஒன்று.

எச்ஐவியில் இந்தக் காத்திருப்புக் காலத்துக்கு விண்டோ பீரியட் என்று பெயர். ஆன்டிபாடியை மட்டும் தேடும் டெஸ்ட், தொற்று ஏற்பட்ட 23-லிருந்து 90 நாட்களுக்குள் அதைக் கண்டுபிடிக்கும். ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டையும் சேர்த்துத் தேடும் லேப் டெஸ்ட், நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் 18-லிருந்து 45 நாட்களுக்குள் கண்டுபிடிக்கும். பத்தாம் நாளில் எடுத்த நெகட்டிவை வைத்து நிம்மதியடைய முடியாது. எந்த வகை டெஸ்ட், மறுபடி எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எந்த ரிப்போர்ட்டாக இருந்தாலும் அதன் ஓரத்தில் பேனாவால் ஒன்று எழுதி வையுங்கள்: "காய்ச்சலின் இத்தனையாம் நாள்", அல்லது "ஊசி போட்டு இத்தனை வாரம்". ரிப்போர்ட்டில் தேதி அச்சாகியிருக்கும், நாள் கணக்கு இருக்காது. டாக்டருக்கு வேண்டியது இந்த நாள் கணக்குதான்.

ஐந்தாம் படி: எண்ணைப் படிப்பது

சில ரிப்போர்ட்டில் பாசிட்டிவ், நெகட்டிவோடு நிற்கும். சிலவற்றில் எண் இருக்கும். அதிலும் இரண்டு விதம்.

ஒன்று, கட்-ஆஃப் என்ற எல்லைக்கோட்டோடு வரும் எண். எலிசா போன்ற டெஸ்டில் ரத்தத்தின் தெளிந்த பகுதியை ஆன்டிஜென் பூசிய சின்னக் குழியில் ஊற்றுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, நிறம் தரும் திரவத்தைச் சேர்ப்பார்கள். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கருவி அளக்கும். அந்த அளவு எல்லைக்கோட்டுக்கு மேலா கீழா என்பதுதான் முடிவு. கோட்டுக்கு மிக அருகில் வந்தால் ஈக்விவோக்கல் அல்லது பார்டர்லைன் என்று போடுவார்கள். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கிட் மாறினால் அளவுகோலே மாறிவிடும்.

இன்னொன்று டைட்டர். 1:80, 1:160 என்று இருக்கும். ரத்தத் தெளிவை இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போய், எதுவரை எதிர்வினை தெரிகிறது என்று பார்ப்பது. 1:160 என்றால் 160 மடங்கு நீர்த்த பிறகும் தெரிந்தது. டைபாய்டுக்கு எடுக்கும் விடால் டெஸ்ட் இந்த வகை. 1896-இல் ஃபெர்னாண்ட் விடால் கொண்டுவந்தது. ஒரே ஒரு விடால் ரிப்போர்ட்டை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவதை நான் எதிர்ப்பேன். பழைய டைபாய்டு, தடுப்பூசி, உறவுக்காரப் பாக்டீரியா எது வந்திருந்தாலும் அது பாசிட்டிவாகலாம். முதல் வாரத்தில் உண்மையான டைபாய்டிலேயே நெகட்டிவாகவும் வரலாம். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, எண் நான்கு மடங்கு உயர்ந்திருந்தால், உதாரணமாக 1:80 என்பது 1:320 ஆகியிருந்தால், அதற்கு எடை உண்டு. அதைவிட நம்பகமானது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து பாக்டீரியாவையே வளர்த்துப் பார்ப்பது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் அதற்கு ரத்தம் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டிலோ கிளினிக்கிலோ செய்யும் ரேபிட் கார்டில் எண் இருக்காது, கோடுதான். சி என்ற இடத்தில் வரும் கோடு கார்டு வேலை செய்கிறது என்பதைக் காட்டும், டி-யில் வரும் கோடுதான் முடிவு. சி-யில் கோடு வராவிட்டால் டி-யில் என்ன வந்தாலும் அந்தக் கார்டு செல்லாது. அட்டையில் சொன்ன நேரத்துக்குள் படித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தோன்றும் மங்கல் கோட்டை நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: ரிப்போர்ட் பொய் சொல்லும் இடங்கள்

முதலில் ஒரு கணக்கு. ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் அந்தப் பத்துப் பேரையும் பிடித்துவிடுகிறது. நோய் இல்லாத 990 பேரில் நூற்றுக்கு இரண்டு பேரை மட்டும் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்கிறது. கேட்க நல்ல டெஸ்டாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறான பாசிட்டிவ் ஏறத்தாழ 20, சரியான பாசிட்டிவ் 10. பாசிட்டிவ் வந்த முப்பது பேரில் இருபது பேருக்கு நோயே இல்லை. அரிதான நோய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமல் டெஸ்ட் எடுத்தால் இப்படித்தான் நடக்கும். எச்ஐவி போன்றவற்றில் முதல் பாசிட்டிவோடு நிறுத்தாமல் உறுதி செய்யும் டெஸ்ட் எடுப்பது இதனால்தான்.

ஐஜிஎம் இன்னும் கொஞ்சம் சஞ்சலக்காரர். வேறு வைரஸ் தொற்று, ருமட்டாய்டு ஃபேக்டர் (உடம்பின் சொந்த ஐஜிஜியையே பிடிக்கும் ஆன்டிபாடி) இவற்றால் தவறாகப் பாசிட்டிவாகலாம். கர்ப்பிணிக்கு ரூபெல்லா ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தால்கூட உடனே இடிந்துபோக வேண்டாம். அவிடிட்டி என்ற டெஸ்ட், ஐஜிஜியின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று பார்க்கும். முன்னே சொன்னேன் அல்லவா, நாள் ஆக ஆகப் பிடி இறுகும் என்று. பிடி இறுக்கமாக இருந்தால் தொற்று பழையது.

ரத்தம் எடுக்கும் முன் டாக்டரிடமோ லேபிலோ சொல்ல வேண்டியவை சில உண்டு. அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, ரெடிமேட் ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டிருந்தாலோ, அடுத்தவரின் ஆன்டிபாடி உங்கள் ரிப்போர்ட்டில் தெரியும். முடி, நகத்துக்காக பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் சாப்பிடுபவர்களுக்குச் சில டெஸ்டுகளின் அளவு தாறுமாறாகலாம். ஸ்டீராய்டு, கீமோதெரபி, உறுப்பு மாற்றுக்குப் பின் கொடுக்கும் மருந்துகள் இவற்றால் ஆன்டிபாடி உருவாவதே குறையும். அவர்களுக்கு வரும் நெகட்டிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏழாம் படி: கடன் வாங்கிய ஆன்டிபாடியையும் கணக்கில் சேருங்கள்

1890-இல் எமில் ஃபான் பேரிங்கும் கிட்டசாட்டோ ஷிபாசாபுரோவும், டெட்டனஸ் நஞ்சுக்குப் பழக்கிய விலங்கின் ரத்தத் தெளிவை இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால் அதற்கும் காப்பு கிடைக்கிறது என்று காட்டினார்கள். பேரிங்குக்கு 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு. பாம்புக்கடிக்குக் கொடுக்கும் விஷமுறிவு மருந்தும் இதே வழிதான். பெரும்பாலும் குதிரையில் செய்த ஆன்டிபாடி அது.

வெறிநாய்க்கடியில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். தடுப்பூசி நம் உடம்பையே ஆன்டிபாடி செய்யவைக்கும், ஆனால் அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்துக்குள் வைரஸ் நரம்பைப் பிடித்துவிட்டால் பிழைப்பது மிகக் கடினம். ஆகவே ஆழமான கடிக்கு, காயத்தை சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசியோடு சேர்த்து ரெடிமேட் ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினைக் காயத்திலும் அதைச் சுற்றியும் செலுத்துவார்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்துவிட்டால் அதைக் கொடுப்பதில்லை. அதற்குள் உடம்பு தானே செய்யத் தொடங்கியிருக்கும். முன்பே முழுத் தடுப்பூசி போட்டவருக்கும் அது தேவையில்லை, நினைவு செல்கள் இருக்கின்றன. கடி பட்டவர் இதற்காக டெஸ்ட் எடுத்துக்கொண்டு காத்திருக்கவே கூடாது. உடனே போக வேண்டும்.

எட்டாம் படி: கைக்குழந்தையின் ரிப்போர்ட் என்றால்

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி பெரும்பாலும் குழந்தை செய்தது இல்லை, அம்மாவிடமிருந்து வந்தது. ஐந்து வகையில் ஐஜிஜி மட்டும்தான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், அதிலும் கடைசி மூன்று மாதங்களில்தான் அதிகம். குறைமாதக் குழந்தைக்குக் குறைவாகவே கிடைக்கும். அம்மாவுக்குக் கர்ப்ப காலத்தில் போடும் டெட்டனஸ் ஊசி பிறக்கப்போகும் குழந்தையைக் காப்பதும் இந்த வழியில்தான். ஐஜிஎம் கடந்து போகாது. ஆகவே பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ரூபெல்லா ஐஜிஎம் இருந்தால் அது குழந்தையே செய்தது, அதாவது தொற்று குழந்தையை எட்டியிருக்கிறது.

எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவாக வருவது இதனால்தான். அம்மாவின் ஐஜிஜி முழுதும் கரைய 18 மாதம் வரைகூட ஆகலாம். அதுவரை குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்க, வைரஸையே தேடும் பிசிஆர் டெஸ்டைத்தான் நம்புவார்கள்.

என் தங்கைக்குப் பையன் பிறந்தான். அவன் அம்மா அன்று இரவு எந்த ஐஜிஜியைப் பார்த்து அழுதாளோ, அதே ஐஜிஜி அவன் ரத்தத்திலும் ஓடியிருக்கும். முதல் சில மாதங்கள் அது அவனைக் காத்தது. மாதம் போகப் போக அது குறைந்துகொண்டே வரும். கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ஊசி போட்டால், ஊசியில் இருக்கும் வலுவிழந்த வைரஸை அம்மாவின் ஆன்டிபாடி ஒட்டிப் பிடித்துவிடும், குழந்தையின் உடம்புக்குப் பாடம் கிடைக்காது. ரொம்பத் தாமதித்தால் இடையில் நோய் பிடித்துவிடும். அதனால்தான் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைச் சில நாடுகளில் ஒன்பதாம் மாதத்திலும், நோய் அரிதாக இருக்கும் நாடுகளில் பன்னிரண்டாம் மாதத்துக்குப் பிறகும் வைத்திருக்கிறார்கள். தடுப்பூசி அட்டையில் அந்தத் தேதியைச் சுற்றி அவள் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.